ஒரு மாதச் சைவம்: பயறு வெந்தால் பாதி வேலை முடிந்தது

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாதம் சைவமாக இருந்து பார்க்கலாம் என்று தொடங்குகிறவர்கள் பாதியில் விடுவது பெரும்பாலும் கறி ஆசையால் அல்ல, பசியால். கறி, முட்டை, கருவாடு மூன்றையும் எடுத்த இடத்தில் இன்னொரு கரண்டி சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. மதியம் ஒரு மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டவர் நாலு மணிக்கு டீக்கடையில் போண்டா தேடுவார். இரண்டாவது வாரத்தில் எடை கூடியிருக்கும், உடம்பு அசந்திருக்கும், "நமக்குச் சைவம் ஒத்துக்காது" என்ற முடிவும் வந்துவிடும். ஒத்துக்கொள்ளாதது சைவம் இல்லை, பயறு இல்லாத சைவம்.

அதனால் காய்கறியைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை. பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளிக்கும் ஓசூர்ப் பக்கத்துக் கோஸ், பீன்ஸ், கேரட்டுக்கும் இங்கே பஞ்சமில்லை. அவற்றைச் சமைக்கத் தெரியாத வீடும் இல்லை. எவ்வளவு பயறு, எந்தப் பயறு, அது ஏன் வேகவில்லை, வெந்தது ஏன் வயிற்றை உப்ப வைக்கிறது என்ற நான்கையும் சரியாகப் பிடித்துவிட்டால் முப்பது நாளும் சிரமமில்லாமல் ஓடிவிடும்.

எந்த மாதம், யார் கூடாது

தொடங்கும் முன்பே முட்டையைப் பற்றி முடிவெடுத்துவிடுங்கள். நம் ஊர் வழக்கில் சைவம் என்றால் பால், தயிர், மோர், நெய் உண்டு, முட்டை கிடையாது. இந்தப் பதிவின் கணக்கும் அப்படித்தான். முட்டை சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் "பார்த்துக்கலாம்" என்று விட்டால் இரண்டாவது வாரத்தில் ஆம்லெட், மூன்றாவது வாரத்தில் முட்டைக் குழம்பு, அப்புறம் "குழம்பு மட்டும் ஊத்திக்கிறேன்" என்று போய்விடும்.

வீட்டில் எதிர்ப்பில்லாமல் நடத்த நல்ல காலம் புரட்டாசி. பெருமாள் கும்பிடும் வீடுகளில் கவுச்சியே நுழையாது, விருந்துக்குக் கூப்பிடுகிறவர்களும் வற்புறுத்த மாட்டார்கள். சமையலுக்கு நல்ல காலம் மார்கழியும் தையும். பச்சை அவரை, மொச்சை, துவரைக்காய், கீரை எல்லாம் ஒன்றாக வரும் பருவம் அது. எங்களைக் கேட்டால் மார்கழிதான். ஆடியைத் தொடவே வேண்டாம். ஊருக்கு ஊர் கூழ் ஊற்றுவதும் கிடா வெட்டுவதும் நடக்கும். பதினெட்டுக்கு ஒகேனக்கல் போனால் வறுக்கிற மீன் வாசனை ஆற்றங்கரை வரைக்கும் வரும். அதைத் தாண்டி வருவது வேண்டாத சோதனை.

கர்ப்பிணிகள், ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு என்று ஏற்கெனவே மருந்து எடுக்கிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பயறும் கீரையுமே அளவு பார்த்துத் தரவேண்டியவை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டினால் மருந்தின் வேலை குறையும், கீரையில் இருக்கும் வைட்டமின் கே காரணம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாளாக எடுக்கிறவர்களுக்கு வைட்டமின் பி12 ஏற்கெனவே குறைந்திருக்க வாய்ப்புண்டு. ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் பி12 பற்றிக் கவலையே வேண்டாம். கல்லீரல் சேர்த்து வைத்திருப்பது வருடக்கணக்கில் வரும். பாலும் தயிரும் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ ஆணுக்கு அது 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. தாவரப் புரதம் கறிப் புரதம் அளவுக்குச் செரிக்காது என்பதால் நாலைந்து கிராம் கூட்டியே கணக்குப் போடுங்கள்.

இப்போது தட்டைப் பாருங்கள். ராகி மாவு 150 கிராம், அதில் புரதம் 10 கிராம். அரிசி 150 கிராம், புரதம் 12. பாலும் தயிருமாக 400 மில்லி, 13. வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம், 7. மொத்தம் 42. இத்தோடு சாம்பார் என்ற பேரில் 20 கிராம் துவரம்பருப்பு ஊற்றிக்கொண்டால் 46. ஆண்கள் இங்கேயே தோற்றுப்போகிறார்கள். அதே இடத்தில் 80 கிராம் பயறு போனால் 17 கிராமுக்கு மேல் கிடைத்து, மொத்தம் 59 ஆகிவிடும். அந்த 80 கிராம் காய்ந்த பயறுதான் (பருப்பும் இதில் சேரும்) இந்த மாதத்தின் ஒரே கட்டாயம். மற்றதெல்லாம் கூடலாம் குறையலாம்.

80 கிராம் என்றால் எவ்வளவு? காபி டம்ளரில் அளந்து ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். டம்ளருக்கு டம்ளர் அளவு மாறும் என்பதால் ஊரார் அளவு உதவாது. நிறுத்த இடத்தில் டம்ளரில் ஒரு கோடு போட்டு வைத்தால் மாதம் முழுக்கத் தராசை எடுக்க வேண்டியதில்லை.

பயறும் தானியமும் சேர்ந்துதான் வேலை செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது; அவற்றில் லைசின் பயறில் நிறைய, மெத்தியோனின் குறைவு. அரிசியிலும் ராகியிலும் நேர்மாறு. ராகிக்கு மெத்தியோனின் அரிசியை விடக் கொஞ்சம் தாராளம் என்பதால், களிக்குக் கொள்ளுக் கடைசல் என்று நம் பாட்டிமார் சேர்த்த சேர்க்கை கணக்கிலும் சரியாகவே வருகிறது. இரண்டையும் ஒரே வேளையில்தான் சாப்பிட வேண்டும் என்பதில்லை; அந்த நாளுக்குள் வந்தால் போதும்.

நாலு பேர் வீட்டுக்கு, இரண்டு பேர் குழந்தைகள் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்குப் பயறு வகை 8 கிலோ வரும். துவரம்பருப்பு இரண்டரை, கொள்ளு ஒன்றரை, பச்சைப்பயறு ஒன்றரை, தட்டைப்பயறு ஒன்று, காய்ந்த மொச்சை அல்லது அவரைக்கொட்டை ஒன்று, கொண்டைக்கடலை அரை. இட்லிக்குப் போடும் உளுந்து இதில் சேராது. ரேஷனில் கார்டுக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, முதலில் அதை வாங்கிவிடுங்கள். தர்மபுரி மாவட்டத்து ரேஷன் கடைகளில் 2023இல் இருந்து அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி வாங்கும் ஏற்பாடும் வந்தது. வேர்க்கடலை 3 கிலோ போதும். ராகி 12 கிலோ. முழுசாக வாங்கி, பாதிப் பாதியாக மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். கம்பு சேர்க்கிறவர்கள் ஒரு வாரத்துக்கு மேல் மாவாக வைக்காதீர்கள். கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம், மாவானதும் சீக்கிரம் காறிப்போய்க் கசக்கும். ராகிக்கு அந்தத் தொந்தரவு குறைவு.

பயறு வேகாததற்குக் காரணம் தண்ணீர்

இந்த இரண்டு மாவட்டங்களிலும் சைவச் சமையல் தடுமாறும் முதல் இடம் குக்கர். எட்டு விசில் விட்டும் கொள்ளு பல்லில் நறநறவென்று கடிபடும். கொண்டைக்கடலையின் தோல் மட்டும் கழன்று உள்ளே வேகாமலே இருக்கும். பயறைத் திட்டுவார்கள், கடைக்காரரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் போர் தண்ணீரில் இருக்கிறது.

கடினத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். பயறின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின். வேகும்போது அது கரைந்தால்தான் பயறு மசியும். கால்சியம் அந்தப் பெக்டினோடு பிணைந்து அதைக் கரையவிடாமல் இறுக்கிவிடும். ஊறும்போதே இந்த வேலை தொடங்கிவிடுவதால், ஊறவைக்கிற தண்ணீரே நல்லதாக இருக்க வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற வீடுகளில் பயறு ஊறவும் வேகவும் அந்தத் தண்ணீரை ஒதுக்கி வையுங்கள். சோறு வடிக்கவும் ராகி கிண்டவும் அதுவே நல்லது. காரணம் பயறு மட்டுமல்ல. இங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு அதிகம், அந்தக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஃப்ளோரைடு கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். சைவ மாதத்தில் பயறு, கூழ், ரசம் என்று சமையலுக்குள் போகும் தண்ணீர் வழக்கத்தை விடக் கூடுதல் என்பதால் இதில் கவனம் வேண்டும்.

போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை என்றால், ஊறவைக்கும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பு போடுங்கள். உப்பில் உள்ள சோடியம் பெக்டினில் ஒட்டியிருக்கும் கால்சியத்தை ஓரளவு விலக்கிவிடும். எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறிய பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பயறைக் கழுவி, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று சொல்வது வழக்கம். ஊறலில் போட்ட உப்பு வேகத்தான் வைக்கிறது. ஆப்ப சோடா போடுவதானால் இரண்டு விரலில் எடுக்கும் சிட்டிகைக்கு மேல் வேண்டாம். சோடா பயறைச் சீக்கிரம் உடைக்கும், ஆனால் வைட்டமின் பி1ஐ அழிக்கும். கூடினால் சோப்பு வாடை வந்து குழம்பையே கெடுத்துவிடும்.

இன்னொரு எதிரி புளிப்பு. தக்காளியையும் புளியையும் வேகாத பயறோடு சேர்த்துக் குக்கரில் போட்டால், புளிப்பும் பெக்டினை இறுக்கும். பயறு விரலால் நசுக்கினால் மாவாகும் வரை வெந்த பிறகே புளி, தக்காளி, மாங்காய். மூன்றாவது காரணம் பழைய சரக்கு. போன வருடக் கொள்ளு, சூட்டிலும் ஈரத்திலும் கிடந்த மொச்சை, எந்தத் தண்ணீரிலும் முழுசாக மசியாது. வாங்கும்போது தோல் மங்கிக் கறுத்திருக்கிறதா பாருங்கள். அப்படிப்பட்டது வந்துவிட்டால் வறுத்துப் பொடியாக்கிக் கொள்ளுப்பொடி, ரசப்பொடியில் தள்ளிவிடலாம், கடைசலுக்கு வைக்காதீர்கள்.

கொள்ளுக் கடைசல்

நாலு பேருக்குக் கொள்ளு 300 கிராம். முதலில் அரித்துக் கல் எடுக்க வேண்டும். கொள்ளின் நிறத்திலேயே கல் இருக்கும் என்பதால் முறத்தில் புடைத்தால் மட்டும் போதாது, தண்ணீரில் அரிசி அரிப்பது போலவே இரண்டு முறை அரிக்க வேண்டும். ராத்திரி ஊறவைத்து, காலையில் நீரை மாற்றி, பயறுக்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்க குக்கரில் ஏற்றி, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து இருபது இருபத்தைந்து நிமிடம் விடுங்கள். விசிலை எண்ணுவதை விட நிமிடத்தை எண்ணுவது சரியாக வரும். பெருந்தீயில் எட்டு விசில் மளமளவென்று வந்துவிடும், உள்ளே வெந்திருக்காது.

மேலே நிற்கும் நீரை வடித்துத் தனியே வையுங்கள். அதில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுப் புளி கரைத்தால் அன்றைக்கு ரசம் முடிந்தது. வெந்த கொள்ளோடு வதக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு ஏழெட்டுப் பல், பச்சை மிளகாய் நாலு, சீரகம் ஒரு தேக்கரண்டி, தக்காளி இரண்டு, கொத்தமல்லித்தழை. எல்லாம் சூடாக இருக்கும்போதே மண்சட்டியில் மத்தால் கடையுங்கள். மிக்சியில் அடித்தால் பசை போல இழுபடும், களியில் தொட்டுக்கொள்ள வராது. மத்தில் கடைந்தால் பாதி மசிந்தும் பாதி பிளந்தும் நிற்கும். மேலே கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, இறக்கும்போது பெருங்காயம். ஆறினால் இறுகும், அதனால் கொஞ்சம் தளர்வாகவே இறக்குங்கள்.

இதே முறையில் பச்சைப்பயறும் தட்டைப்பயறும் கடையலாம். பச்சைப்பயறை ஊறவைக்காமல் லேசாக வறுத்து வேகவைத்தாலே போதும். அவசர நாளுக்கு அதுதான் கைகொடுக்கும்.

களி கட்டி தட்டாமல்

களி கிண்டத் தெரியாத இளையவர்கள் நிறைய இருப்பதால் இதை விரிவாகவே சொல்கிறோம். மாவு இரண்டு டம்ளர், தண்ணீர் நாலு டம்ளர், நொய்யரிசி அரை டம்ளர். நொய்யை அந்தத் தண்ணீரில் போட்டு, உப்புச் சேர்த்து, குழைய வேகவிடுங்கள். வேகும்போது தண்ணீர் சுண்டியிருந்தால் வெந்நீர் விட்டுப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும், பலர் விடுகிற இடம் இது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல், களிக்கோலால் குவியலின் நடுவே அடிவரை ஒரு குழி குத்துங்கள். அந்தக் குழி வழியே கொதி மேலே வந்து மாவு உள்ளிருந்து வேகும். மூடி, சிறுதீயில் பத்து நிமிடம். இதற்கு முன்னால் கிளறினால் வெளி மாவு வெந்து, உள் மாவு பச்சையாக உருண்டுவிடும். கட்டி என்பது அதுதான்.

பிறகு பாத்திரத்தைக் கீழே இறக்கி, காலால் அல்லது இடுக்கியால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் இருந்து நடுவுக்கு அழுத்தி அழுத்திக் கிண்ட வேண்டும். மாவு முழுக்கக் கறுத்து ஒரே நிறமானதும் மீண்டும் சிறுதீயில் ஐந்து நிமிடம். ஈர விரலால் தொட்டால் ஒட்டாமல் வர வேண்டும். ஒட்டினால் இன்னும் வேகவில்லை. கையை நனைத்துக்கொண்டு உருண்டை பிடித்து, எண்ணெய் தடவிய தட்டில் வைக்கவும்.

ராகியில் 100 கிராமுக்குக் கால்சியம் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. 150 கிராமில் ஒரு நாள் தேவையான 1,000 மில்லிகிராமில் பாதி வந்துவிடும். உணவோடு சேரும் கால்சியம், ஃப்ளோரைடு உடம்பில் ஏறுவதையும் குறைக்கும். ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் ராகி என்பதற்காக இரண்டு உருண்டை கூடுதலாக எடுத்துக்கொள்ள முடியாது. களியும் மாவுச்சத்துதான், அளவுதான் கணக்கு.

வேலைக்கு எடுத்துப் போக களி சரிப்படாது, டப்பாவில் இறுகிக் கல்லாகிவிடும். ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சாமைத் தயிர்ச்சோறும் தனி டப்பாவில் தட்டைப்பயறுச் சுண்டலும் நல்லது. சாமைக்குத் தண்ணீர் ஒன்றுக்கு இரண்டரை. தயிர் பிசைய மூன்று.

பிதுக்குப் பருப்பு, முளைப்பயறு

மார்கழியில் அவரை வரும்போது காய்ந்த பயறை ஓரம் வைத்துவிடலாம். கொட்டை பருத்த காயாகப் பார்த்து வாங்கி உரித்தால் எடையில் பாதிக்கும் கீழேதான் தேறும். உரித்த கொட்டையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வைக்க, தோல் தளர்ந்திருக்கும். காலையில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து அடிப்பக்கம் அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு பச்சையாகக் குதிக்கும், தோல் விரலில் நிற்கும். அரைக்கிலோ கொட்டை பிதுக்க இரண்டு பேருக்கு நல்ல வேலை. வெங்காயம், தக்காளி, தேங்காய், சோம்பு, தனியா அரைத்துக் குழம்பு வைத்து அதில் இந்தப் பருப்பைப் போட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும். குக்கர் வேண்டாம், கரைந்துபோகும். பச்சைக் கொட்டையில் நீர் அதிகம் என்பதால் 80 கிராம் காய்ந்த பயறுக்கு ஈடாக ஆளுக்கு 200 கிராமுக்கு மேல் போட வேண்டும்.

காய்ந்த மொச்சையும் அவரைக்கொட்டையும் சமைக்கும்போது ஊறிய நீரைக் கட்டாயம் கொட்டிவிடுங்கள். அவற்றில் சயனைடு தரக்கூடிய பொருள் சிறிதளவு உண்டு. ஊறவைத்து நீர் மாற்றி நன்றாகக் கொதிக்க வைத்தால் போய்விடும். அரைவேக்காட்டில் சுண்டல் போடுவது இந்த இரண்டுக்கும் ஆகாது.

முளைகட்டுவதில் ஊருக்கு ஊர் நேரம் மாறும். பச்சைப்பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து ஈரத்துணியில் கட்டினால் தர்மபுரி வெயிலில் அரை நாளில் முளை வரும், அதையும் தாண்டி வைத்தால் கொழகொழத்து நாறும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துக் கழுவிக் கட்டுங்கள். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குப் பக்கம் இருக்கும் ஓசூர், தளிப் பக்கத்தில் மார்கழிக் குளிருக்கு ஒன்றரை நாள்கூட ஆகும்; அடுப்பருகே வைக்க வேண்டும். முளைகட்டுவதால் புரதம் ஒன்றும் பெருகாது. ஃபைட்டிக் அமிலம் குறைவதால் இரும்பும் துத்தநாகமும் நன்றாகச் சேரும், அதுதான் ஆதாயம்.

கருவாட்டின் இடம்

களிக்குக் கருவாட்டுக் குழம்பு பழகிய நாக்கு முதல் பத்து நாள் முரண்டு பிடிக்கும். இதற்கு மசாலாவைக் கூட்டுவது மருந்தல்ல. கருவாடு தருவது உப்பும், அடிநாக்கில் நிற்கும் ஒரு ருசியும். அந்த ருசிக்குக் காரணமான குளூட்டமேட் முற்றிய தக்காளியிலும் காளானிலும் இருக்கிறது. அதனால் அதே புளிக்குழம்பை அதே சட்டியில் வையுங்கள்: கத்தரிக்காய், முருங்கைக்காய், வேகவைத்த மொச்சை இரண்டு மடங்கு. நாட்டுத் தக்காளி ஐந்தாறை நெருப்பில் சுட்டுத் தோலுரித்துப் பிசைந்து சேர்த்து, எண்ணெய் மேலே பிரியும் வரை சுண்டவிடுங்கள். சிப்பிக்காளான் கிடைத்தால் கையால் கிழித்து, தண்ணீர் விட்டு வற்றும் வரை எண்ணெயில்லாமல் வதக்கி, அப்புறம் குழம்பில் போடவும். வெட்டி நேராகப் போட்டால் நீர் விட்டுக் குழம்பு சப்பென்றாகும். கிருஷ்ணகிரி மாங்காய் வற்றல் இரண்டு துண்டு கடைசியில் போட்டால் போதும், கருவாடு எங்கே என்று கேட்கிறவர்கள் குறைவார்கள்.

கறிக்குழம்பு ஏக்கத்துக்கு மீல் மேக்கர். காய்ந்த எடையில் பாதி புரதம், ஆளுக்கு 25 கிராம் போதும். உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் கிடத்தி, பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். ஒரே பிழியலோடு விட்டால் சோயா வாடை மசாலாவைத் தாண்டி வரும். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் இதை நம்பியிருப்பதில் எங்களுக்கு விருப்பமில்லை. கொள்ளும் அவரையும் விளையும் ஊரில் அதற்கு அவசியமும் இல்லை.

வயிறு உப்புசம், டீ, வெளிச்சாப்பாடு

முதல் வாரத்தில் 80 கிராமையும் ஒரேயடியாக இறக்காதீர்கள். பயறில் இருக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளைச் செரிக்க நம் குடலில் நொதி கிடையாது, பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் தின்று வாயுவாக்குகின்றன. 40 கிராமில் தொடங்கி, இரண்டாவது வாரம் 60, மூன்றாவது வாரம் முழு அளவு. தொடக்கத்தில் துவரை, பாசிப்பருப்பு போலத் தோல் நீக்கியவை. கொள்ளும் கொண்டைக்கடலையும் பிறகு. குறைகிற புரதத்தை அந்த நாட்களில் தயிரும் வேர்க்கடலையும் ஈடுகட்டட்டும். ஊறிய நீரைக் கொட்டுவது இந்தச் சர்க்கரைகளில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடும். தண்ணீர் போதிய அளவு குடிக்காமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் வரும், வாயுவை விட அதுதான் அதிகம் பேரைப் படுத்துகிறது.

இரும்புச்சத்துக்கு ஒரு மாற்றம் போதும்: சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். தாவர உணவில் இருக்கும் இரும்பு இயல்பிலேயே குறைவாகத்தான் உடம்பில் ஏறும். டீயின் டேனின் அதையும் கட்டிவிடும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கீரைக் கடைசலில் எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் அல்லது கொய்யா கடிப்பது, வைட்டமின் சி வழியாக அந்த இரும்பை ஏற்றும். முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, புளிச்சக்கீரை எதுவானாலும் சரி. பாலக் கீரையில் கால்சியத்தைக் கட்டிவிடும் ஆக்சலேட் அதிகம் என்பதால் அதில் கால்சியக் கணக்குப் போட வேண்டாம்.

வெளியில் ஏமாறும் இடங்கள் சில. பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னா பல கடைகளில் கோழி வெந்த சால்னாதான். "வெஜ் சால்னா" என்று கேட்டால் துண்டு இல்லாமல் மேலாக மொண்டு ஊற்றுவார்கள். நெடுஞ்சாலைக் கடைகளில் ஃப்ரைட் ரைஸ் முட்டை போட்ட அதே சட்டியில் புரளும். பேக்கரிக் கேக்கில் முட்டை உண்டு. பாக்கெட்டில் வருவதானால் பச்சைப் புள்ளி சைவம். அசைவத்துக்கு இப்போது பழுப்பு முக்கோணம். இதில் எல்லாம் கறாராக இருக்க நினைப்பவர்கள் பயணத்தில் இட்லி, பொங்கல், தயிர்ச்சோறு என்று நிற்பதே எளிது.

மாதம் முடிந்ததும்

தொடங்கும் நாளும் முடியும் நாளும் காலையில் வெறும் வயிற்றில் எடையும் இடுப்புச் சுற்றளவும் குறித்து வையுங்கள். கொழுப்புப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பின் அளவு சில வாரங்களிலேயே அசையக் கூடியது, அதனால் இரண்டு முறை எடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. பஜ்ஜியிலும் வடையிலும் மாதத்தை ஓட்டியவர்களுக்கு அதில் மாற்றம் இருக்காது. ஹீமோகுளோபினை ஒரு மாதத்தில் எடைபோட வேண்டாம், சிவப்பணு ஒன்றின் ஆயுளே 120 நாள்.

திரும்பக் கறிக்குப் போகிறவர்களுக்கு: ஒரு மாதத்தில் கறி செரிக்கும் திறன் எங்கும் போய்விடாது. முதல் நாளே வயிற்றைப் போட்டுப் படுத்துவது எண்ணெய் மிதக்கும் பிரியாணியும் அதன் அளவும்தான். முட்டை ஒன்று, அல்லது குழம்பு மீன் இரண்டு துண்டு என்று தொடங்கி, அன்றைக்கும் கடைசலைத் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய பயறை வெயிலில் ஒரு நாள் காயவைத்து, சூடு ஆறிய பிறகு காய்ந்த வேப்பிலை போட்டு டப்பாவில் அடைத்தால் வண்டு விழாது. சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து, அந்த ஈரத்திலேயே பயறு அடுத்த முறை வேகாத சரக்காகிவிடும்.